எஞ்சினைச் சுற்றவைத்தது யார்? லாரியில் ‘ஓவர்ஸ்பீடு’ கோடு வந்தால் எப்படிப் படிப்பது

பன்னிரண்டு சக்கர டாரஸ் ஒன்று எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறது என்றார்கள். ஸ்கேனர் போட்டதும் ‘எஞ்சின் ஓவர்ஸ்பீடு’ என்று ஒரு கோடு (code, பழுதைச் சொல்லும் குறியீடு) காட்டியது. ஓனரும் கூடவே வந்திருந்தார். கோடின் பெயரைப் பார்த்த உடனே டிரைவர் பக்கம் திரும்பி, “இப்படித்தான் வண்டியப் போட்டு முறுக்குறீங்களா?” என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் ஓனரிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: “தம்பி, லைட்டு எரிஞ்சப்ப வண்டி டோல்கேட்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆக்சிலேட்டர்ல நான் காலே வைக்கல.”

இந்த மாதிரி சண்டையை அடிக்கடி பார்க்கிறேன். ஓவர்ஸ்பீடு என்ற சொல் ஒரு குற்றச்சாட்டைப் போல ஒலிப்பதுதான் காரணம். ‘டர்போ பிரஷர் குறைவு’ என்று கோடு வந்தால் யாரும் டிரைவரைத் திட்டுவதில்லை. ‘எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றியது’ என்று வந்தால், சுற்றவைத்தது டிரைவர்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கோடு சொல்வது ‘சுற்றியது’ என்பதை மட்டும்தான். சுற்றவைத்தது யார் என்று அது சொல்வதில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக ஸ்கேனரைக் கையில் எடுக்கும் தம்பிகளுக்கும், கோடைப் பார்த்துப் பயப்படும் ஓனர்களுக்கும் அந்த வழியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எஞ்சினைச் சுற்றவைக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, உள்ளே எரியும் எரிபொருள். இன்னொன்று, கீழிருந்து கியர் வழியாகத் தள்ளும் சக்கரங்கள். மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு: யாருமே சுற்றவில்லை, சென்சார் தவறாக எண்ணிவிட்டது. டிரைவர் முறுக்கியது, கியர் மாறி விழுந்தது, டர்போ ஆயில் கசிந்தது, ஒயர் தேய்ந்தது என்று எந்தக் காரணத்தை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் போய் அடங்கும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: டீசலா, சக்கரமா, வெறும் சிக்னலா?

டீசல் எஞ்சினுக்கு ஏன் கடிவாளம் வேண்டும்

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றுப் பாதை திறக்கும். காலை எடுத்தால் அது மூடும். காற்று குறைந்தால் வேகம் தானாக அடங்கிவிடும். டீசல் எஞ்சின் அப்படியல்ல. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு டீசல் தெளிக்கிறோம் என்பதுதான் வேகத்தை முடிவு செய்கிறது. லோடு இல்லாத நேரத்தில் டீசலைக் குறைக்காமல் தெளித்துக்கொண்டே இருந்தால், எஞ்சின் ஏறிக்கொண்டே போகும். எங்கே நிற்கும் என்றால், ஏதாவது உடையும் இடத்தில்தான் நிற்கும்.

அதனால்தான் பழைய பம்ப் வண்டிகளில் கவர்னர் இருந்தது. பம்புக்குள் சுற்றும் எடைகள் வேகம் கூடக் கூட வெளிப்பக்கம் விரிந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பியைப் பின்னால் இழுத்து, டீசலைக் குறைக்கும். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில், அதாவது டீசல் தெளிப்பதை எலக்ட்ரானிக்ஸ் கட்டுப்படுத்தும் வண்டிகளில், அந்த வேலையை இசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் செய்கிறது. கிராங்க் சென்சார் (எஞ்சினின் முக்கியத் தண்டு சுற்றுவதை எண்ணுவது) சொல்லும் ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்து, கம்பெனி நிர்ணயித்த எல்லையைத் தொட்டதும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் கட்டளையைக் குறைக்கிறது. அதையும் தாண்டி இன்னொரு எல்லை இருக்கிறது. அதைத் தொட்டால் டீசலை முழுசாக நிறுத்திவிட்டு ஓவர்ஸ்பீடு கோடை எழுதி வைக்கிறது. வேகம் இறங்கிய பிறகுதான் மறுபடி டீசல் விடும்.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு 5,000 முறை நின்று திரும்புகிறது. மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. அப்படி நிறுத்தித் திருப்பும் இழுவிசை முழுவதையும் தாங்குவது கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும். வேகம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் வர்க்கம் அளவுக்கு இந்த இழுவிசை கூடும். 2,500 என்பது 3,600 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆனால் இழுவிசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. வால்வு ஸ்பிரிங்குக்கும் இதே கதைதான். 2,500இல் ஒரு வால்வு வினாடிக்கு சுமார் 21 முறை திறந்து மூடுகிறது. 3,600இல் 30 முறை. அந்த வேகத்துக்கு ஸ்பிரிங்கால் வால்வை இழுத்து மூட முடியாமல் போனால், மேலே ஏறி வரும் பிஸ்டன் வால்வின் தலையில் தட்டும். வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடு வளைவது, வால்வு வளைவது எல்லாம் அப்படித்தான். இதெல்லாம் நடக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம், சில வினாடிகள் போதும்.

கோடு எப்படி எழுதப்பட்டிருக்கும்

கனரக வண்டிகளில் இசியுக்களும் ஸ்கேனரும் ஜே1939 என்ற பொது மொழியில் பேசிக்கொள்கின்றன. அதில் ஒரு கோடுக்கு இரண்டு எண்கள். எஸ்பிஎன் என்பது எந்த விஷயம் என்று சொல்லும். எஃப்எம்ஐ என்பது அந்த விஷயத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும். எஞ்சின் வேகத்துக்கான எஸ்பிஎன் 190. அதனுடன் எஃப்எம்ஐ 0 என்று வந்தால், ‘அளவு நம்பத் தகுந்ததுதான், ஆனால் எல்லையைக் கடுமையாக மீறிவிட்டது’ என்று பொருள். எஃப்எம்ஐ 16 என்றால் நடுத்தர மீறல், 15 என்றால் லேசான மீறல். இந்த மூன்றும் இசியு சிக்னலை நம்பிச் சொல்பவை. எஃப்எம்ஐ 2 என்றால் கதையே வேறு. ‘எனக்கு வரும் அளவு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, விட்டு விட்டு வருகிறது’ என்று இசியுவே சந்தேகப்படுகிறது. எஃப்எம்ஐ 8 வந்தால் துடிப்புகளின் இடைவெளி சரியில்லை என்று அர்த்தம்.

சில கம்பெனிகள் தங்களுக்கென்று சொந்த எண்ணும் வைத்திருக்கும். கம்மின்ஸ் எஞ்சின்களில் எஸ்பிஎன் 190, எஃப்எம்ஐ 0 என்பது 234. எஃப்எம்ஐ 2 என்பது 689. ஓபிடி முறையில் ‘பி’ என்று தொடங்கும் கோடு காட்டும் வண்டியில் ஓவர்ஸ்பீடுக்கு பி0219 என்று வரும். எண் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவர்ஸ்பீடு கோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது ஏறக்குறைய எப்போதும் ‘இன்ஆக்டிவ்’ (இப்போது பழுது இல்லை) என்றுதான் இருக்கும். எஞ்சின் வேகம் எப்போதோ இறங்கியிருக்குமே! அதனால் ‘பழைய கோடு, அழித்துவிடலாம்’ என்று கை பரபரக்கும். தயவு செய்து அழிக்காதீர்கள். கோடை அழித்தால் பல வண்டிகளில் அதோடு சேர்ந்த ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும். கோடு விழுந்த அந்த நொடியில் வண்டியின் மற்ற சென்சார்கள் என்ன சொன்னன என்பதை இசியு ஒரு படம் பிடித்த மாதிரி எடுத்து வைத்திருக்கும். அதுதான் ஃப்ரீஸ் ஃபிரேம். நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. முதலில் அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை வந்தது, எத்தனையாவது எஞ்சின் மணியில் வந்தது என்பதையும் சேர்த்து எடுங்கள். விலை குறைந்த பொது ஸ்கேனர் வெறும் கோடை மட்டும் காட்டினால், கம்பெனி சாஃப்ட்வேர் இருக்கும் இடத்தில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே விவரம் கூடுதலாகக் கிடைக்கும்.

அந்தப் படத்தில் பார்க்க வேண்டியவை ஆர்பிஎம், வண்டியின் கிலோமீட்டர் வேகம், ஆக்சிலேட்டர் எத்தனை சதவீதம், எஞ்சின் லோடு எத்தனை சதவீதம், டர்போ பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), ஆயில் பிரஷர், கிளட்ச், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினை மெதுவாக்குவது). இவற்றை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தால் ஆள் யார் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

சக்கரம் சுற்றியிருந்தால்

லாரிகளில் உண்மையான ஓவர்ஸ்பீடு என்றால் பெரும்பாலும் இதுதான். இறக்கத்தில் லோடு தள்ளுகிறது. சக்கரம் சுற்றுகிறது. சக்கரம் கியர்பாக்ஸைச் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் எஞ்சினைச் சுற்றுகிறது. இசியு டீசலை முழுக்க நிறுத்திவிட்டிருக்கும். ஆனால் டீசலை நிறுத்துவதுதான் அதனால் முடியும். பின்னால் இருந்து நாற்பது டன் தள்ளும்போது அதற்குமேல் அதன் கையில் ஒன்றும் இல்லை. ‘எலக்ட்ரானிக் எஞ்சின், அதுவே கட்டுப்படுத்திக்கொள்ளும்’ என்று நம்பிக் கொண்டிருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாயில் இறங்குகிறோமே, அந்த 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு பக்கமிருந்து முழு லோடுடன் வரும் வண்டி. டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. வேகம் ஏறும், பிரேக் சூடாகும், பிடிப்பு குறையும். அப்போதுதான் பயந்துபோய், கிடைத்த கியரில் போடப் பார்ப்பார்கள். அந்த வேகத்துக்குப் பொருந்தாத ஒரு கீழ்க் கியர் எப்படியோ விழுந்துவிட்டால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது நிமிடத்துக்குச் சரியாக 1,000 மீட்டர். சக்கரம் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர் உருள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 312 சுற்று. கிரவுன் விகிதம் (பின் ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கரங்களின் விகிதம்) 5.5 என்றால், கியர்பாக்ஸையும் ஆக்ஸிலையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 1,720 சுற்று சுற்றும். டாப் கியரில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று, அதனால் எஞ்சினும் 1,720இல் நிம்மதியாக ஓடும். ஐந்தாம் கியரில் 1.4 என்றால் 2,400. சத்தம் ஏறும், ஆனாலும் தாங்கும். நான்காம் கியரில் 2.1 என்றால் 3,600! ஒரே ஒரு கியர் தவறிப்போனதற்கு இந்த விலை. நான் போட்ட விகிதங்கள் ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் வண்டியின் கிரவுன் விகிதத்தையும், கியர் விகிதங்களையும், டயர் அளவையும் போட்டு இதே கணக்கை ஒரு அட்டையில் எழுதி ஸ்கேனர் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய உதவியாக இருக்கும்.

ஏன் என்றால், ஃப்ரீஸ் ஃபிரேமில் 61 கிலோமீட்டர், 3,650 ஆர்பிஎம், ஆக்சிலேட்டர் 0, லோடு 0 என்று இருந்தால், அட்டையைப் பார்த்த உடனே நான்காம் கியர் என்று சொல்லிவிடலாம். கிலோமீட்டர் வேகமும் ஆர்பிஎம்மும் ஏதோ ஒரு கியர் விகிதத்தில் கச்சிதமாக உட்கார்ந்தால், சுற்றியது சக்கரம்தான். இதில் ஒரு எச்சரிக்கை. டயர் அளவை மாற்றிவிட்டு இசியுவில் அதைத் திருத்தாமல் விட்ட வண்டிகள் உண்டு. அங்கே கிலோமீட்டர் வேகமே கொஞ்சம் தப்பாக இருக்கும். கணக்குப் போடும் முன் அதைச் சரி பார்த்துவிடுங்கள்.

இதிலும் டிரைவரை எடுத்த எடுப்பில் திட்டுவது சரியில்லை. பிரேக் பிடிக்காத நிலையில் வேறு வழியில்லாமல் கீழ்க் கியரைப் போட்டு, எஞ்சினைப் பலி கொடுத்து உயிரையும் லோடையும் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினை மறுபடி செய்துகொள்ளலாம். அதனால் ‘ஏன் கியர் போட்டாய்’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘பிரேக் எப்படி இருந்தது, எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்ததா’ என்றும் கேட்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டர்ஃபிளை என்ற அடைப்புத் தகடு துருப்பிடித்துச் சிக்கிக் கிடந்தாலோ, அதற்குப் போகும் காற்றுக் குழாய் கசிந்தாலோ, இறக்கத்தில் வண்டி ஓடத்தான் செய்யும். கோடின் வேர் அங்கே இருக்கலாம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்த எக்ஸாஸ்ட் பிரேக்கும் கூட இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இது கோடிலேயே வராது. கீழ்க் கியரில் போட்டுவிட்டு, கிளட்சை மிதித்தபடியே இறங்கினால் எஞ்சின் தப்பித்துக்கொள்ளும். ஆனால் கிளட்ச் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து அசுர வேகத்தில் சுற்றும். லைனிங் பிய்ந்து துண்டு துண்டாகப் பறந்துவிடும். ‘ஓவர்ஸ்பீடு கோடே இல்லை, பிளேட் மட்டும் எப்படி வெடித்தது’ என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

சரி, உண்மையிலேயே ஓவர்ஸ்பீடு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உடனே சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து ‘சத்தம் நல்லாத்தானே இருக்கு’ என்று பார்க்கக் கூடாது. வால்வு வளைந்திருந்தால் அந்த ஸ்டார்ட்டிலேயே பிஸ்டன் உடையலாம். முதலில் ஃப்ளைவீலைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூட இரண்டு சுற்று தேவை. எங்காவது தட்டினால், இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் டேப்பட் மூடியைக் கழற்றி, புஷ் ராடுகள் நேராக இருக்கின்றனவா, வால்வுகளின் மேல் உட்காரும் பிரிட்ஜ் இடம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டேப்பட் கேஜ் போட்டு இடைவெளியை அளந்து எழுதுங்கள். முன்பு செட் செய்த அளவிலிருந்து ஒரே ஒரு வால்வு மட்டும் தனியாக விலகி நின்றால், அந்த வால்வு அடி வாங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பார்ப்பதை நான் எப்போதும் விடுவதில்லை. பேரிங் தேய்ந்தால் மினுமினுக்கும் துகள் அங்கே முதலில் தெரியும். டர்போ ஷாஃப்ட்டின் ஆட்டத்தையும், கிராங்கின் முன்பக்கம் அதிர்வை அடக்க இருக்கும் டேம்பரையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எரிபொருள் சுற்றியிருந்தால்

காமன் ரெயில் வண்டியில் வெறும் ஆக்சிலேட்டரை மிதித்தே ஓவர்ஸ்பீடு கோடு வரவைப்பது கடினம். நியூட்ரலில் நின்றபடி முழுக்க மிதித்தாலும் இசியு அதற்கு முன்பே டீசலைக் குறைத்துவிடும். ‘டிரைவர் ரேஸ் பண்ணித்தான் வந்தது’ என்று சொல்பவர்களுக்கு இதையே நான் பதிலாகச் சொல்வேன். பழைய பம்ப் வண்டியில் ரேக் சிக்கிக்கொண்டால் அப்படி நடக்கும், அதுவும் பம்பைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அதிகம். புது வண்டியில் டீசல்தான் காரணம் என்றால் இன்ஜெக்டர் திறந்த வாக்கில் சிக்கிக் கசிகிறதா என்று தேட வேண்டும். அப்போது ஒரே சிலிண்டரில் தட்டலும் கரும்புகையும் சேர்ந்தே வரும்.

உண்மையான ஆபத்து, இசியு கொடுக்காத எரிபொருள். டர்போவின் சீல் போய், எஞ்சின் ஆயில் காற்றுக் குழாய் வழியாக உள்ளே போனால், டீசல் எஞ்சின் அதையும் எரித்துக்கொண்டு ஓடும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றி, அது பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியாக காற்றுக் குழாய்க்குள் ஏறினாலும் அதேதான். பெட்ரோல் எஞ்சினைப் போல நிறுத்துவதற்கு இதில் பிளக் கிடையாது. சாவியை அணைத்தால் இன்ஜெக்டர் நிற்கும், எஞ்சின் நிற்காது. தன் ஆயிலையே குடித்துக்கொண்டு அலறும். பின்னால் அடர்ந்த புகை மண்டும்.

சுற்றியுள்ள காற்றிலேயே எரியும் ஆவி கலந்திருந்தாலும் இதுதான் நடக்கும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பெரிய வெடிவிபத்து நடந்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். வெளியேறி வந்த எரியும் ஆவி, பக்கத்தில் எஞ்சின் ஓடியபடி நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டிக்குள் இழுக்கப்பட்டு, அந்த எஞ்சின் தறிகெட்டு ஓடியது. தீப்பற்றியது பெரும்பாலும் அதனால்தான் என்று அந்நாட்டின் வேதியியல் பாதுகாப்பு விசாரணை வாரியம் சொன்னது. டேங்கர் ஓட்டுபவர்களும், பங்க்கிலும் டெப்போவிலும் லோடு இறக்குபவர்களும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அங்கே எஞ்சினை அணைக்கச் சொல்வது வெறும் சடங்குக்காக அல்ல.

எஞ்சின் இப்படி அலறத் தொடங்கினால் காற்றை அடைக்க வேண்டும். அதுதான் முதல் வழி. காற்று உள்ளே போகும் வாயைத் தடித்த பலகையால் மூடலாம். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அந்த வாயில் அடிக்கலாம். கையையோ துணியையோ கொண்டுபோகவே கூடாது, உள்ளே இழுத்துவிடும். வண்டி நின்றுகொண்டிருந்தால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டுத் திணறடித்து நிறுத்தவும் முடியும். எதற்கும் எட்டவில்லை, வேகம் கையை மீறிவிட்டது என்றால் எல்லோரும் விலகி ஓடிவிட வேண்டும். எஞ்சினின் பக்கவாட்டில் மட்டும் நிற்காதீர்கள், ராடு உடைந்தால் பிளாக்கைப் பொத்துக்கொண்டு அந்தப் பக்கம்தான் வரும்.

ஃப்ரீஸ் ஃபிரேமில் இது தனியாகத் தெரியும். வண்டி வேகம் 0, ஆக்சிலேட்டர் 0, இசியு கொடுத்த டீசல் 0, ஆனால் பூஸ்ட் ஏறியிருக்கும், ஆயில் பிரஷரும் ஏறியிருக்கும். எஞ்சின் நிஜமாகவே ஓடியது என்பதற்கு அந்த இரண்டும் சாட்சி. அடுத்து டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். லேசான ஈரம் சகஜம். ஆயில் தேங்கி நின்றால் அங்கிருந்துதான் கதை தொடங்கியிருக்கிறது. டர்போவை மாற்றும் முன் அதன் ஆயில் திரும்பும் பைப் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது அடைத்திருந்தால் புது டர்போவும் கசியும்.

யாருமே சுற்றாமல் வந்தால்

இப்போது டோல்கேட் வண்டிக்கு வருவோம். அதன் ஃப்ரீஸ் ஃபிரேமில் இருந்தது இது: ஆர்பிஎம் 3,870. வண்டி வேகம் 0. ஆக்சிலேட்டர் 0. பூஸ்ட் 0. ஆயில் பிரஷர் ஐட்லிங்கில் இருக்கும் அளவு. எஞ்சின் மணிக் கணக்கைப் பார்த்தால் அதே கோடு இரண்டு நாளில் ஏழு முறை விழுந்திருந்தது. பக்கத்திலேயே எஸ்பிஎன் 190, எஃப்எம்ஐ 2 என்று இன்னொரு கோடும் இருந்தது.

3,870இல் சுற்றும் எஞ்சினில் ஆயில் பிரஷர் ஐட்லிங் அளவிலேயே இருக்க முடியாது. ஆயில் பம்ப் கிராங்கோடு சேர்ந்துதானே சுற்றுகிறது? டர்போவும் சும்மா இருக்காது. ஒரு சாட்சி மட்டும் ‘ஓடியது’ என்கிறது, மற்ற எல்லோரும் ‘ஓடவில்லை’ என்கிறார்கள். அந்த ஒரு சாட்சி கிராங்க் சென்சார்.

சென்சார் என்ன செய்கிறது? கிராங்கில் பல் வைத்த ஒரு வளையம் இருக்கிறது. பல எஞ்சின்களில் 60 பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டுவிட்டு 58 பல் இருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு. 600 ஆர்பிஎம் ஐட்லிங்கில் வினாடிக்கு 10 சுற்று, அதாவது 580 துடிப்பு. இசியு துடிப்புகளின் இடைவெளியை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுகிறது. ஒயர் தேய்ந்தோ, பின் தளர்ந்தோ, பக்கத்துக் கேபிளின் இரைச்சலைப் பிடித்துக்கொண்டோ இடையில் பொய்த் துடிப்புகள் நுழைந்தால், இசியுவுக்கு எஞ்சின் ஓடுவதுபோலத் தோன்றும்.

அந்த வண்டிக்கு இரண்டு வாரம் முன்பு வேறு இடத்தில் கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறார்கள். ஓனரே சொன்னார். நான் வண்டியின் அடியில் படுத்து ஹார்னஸை (ஒயர்க் கட்டை) பின்தொடர்ந்தேன். ஃப்ளைவீல் ஹவுசிங் பக்கத்தில், கிராங்க் சென்சார் ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் இல்லை. போல்ட் ஓட்டை மட்டும் காலியாக இருந்தது. ஒயர் தொங்கிப்போய் ஸ்டார்ட்டர் கேபிளோடு உரசிக்கொண்டு, ஹவுசிங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால், ஓர் அரிசி நீளத்துக்கு இன்சுலேஷன் தேய்ந்து செம்பு பளபளத்தது. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்கேனரில் ஆர்பிஎம் வரைபடத்தைத் திறந்து வைத்து, பையனை விட்டு அந்த இடத்தில் ஒயரை ஒரு மரக்குச்சியால் மெல்ல அசைக்கச் சொன்னேன். 600இல் நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்த வரைபடம் திடீரென்று 2,900க்கு எகிறி இறங்கியது. எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன தடுமாற்றம்தான், ரேஸ் எதுவும் இல்லை. ஓனரைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை அசைத்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு டிரைவரிடம் போய் அவரே பேசினார்.

இந்த மாதிரி வண்டி வந்தால் உடனே புது சென்சார் வாங்கி மாட்டிவிடாதீர்கள். முதலில் ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளரைப் பிரித்து ஆயிலோ தண்ணீரோ இருக்கிறதா, பின் பிடிப்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒயரை இசியு வரை பின்தொடருங்கள். எஞ்சினின் எர்த் கேபிளைத் துடைத்து இறுக்குங்கள். இரண்டு ஒயர் சென்சார் என்றால் மல்ட்டிமீட்டரில் ஓம் அளந்து, கம்பெனி சொல்லும் அளவோடு ஒப்பிடலாம். மூன்று ஒயர் இருக்கும் ஹால் சென்சாரை ஓம் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. கப்ளரில் மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா என்று பார்த்துவிட்டு, சிக்னலை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சென்சாரைக் கழற்றினால் முனையைப் பாருங்கள். காந்தம் இருப்பதால் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும். அந்த ஓட்டை வழியாகவே பல் வளையத்தில் உடைந்த பல் இருக்கிறதா என்று டார்ச் அடித்து, எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

டோல்கேட் வண்டியில் ஒயரை வெட்டி, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, புதுக் கிளிப்பில் பிடித்து, ஸ்டார்ட்டர் கேபிளிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டினோம். ஃப்ரீஸ் ஃபிரேம் படத்தை ஜாப் கார்டோடு சேர்த்துப் பின் அடித்த பிறகுதான் கோடை அழித்தேன். பிறகு டிரைவரை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்து, மேடு பள்ளம் உள்ள ரோட்டில் இருபது கிலோமீட்டர் போய் வந்தோம். வரைபடம் எங்கும் எகிறவில்லை. எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. அன்று மாலையே அவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.